பாறை நிலத்தில் நீர் தேடல்: மின்தடை ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

(தாம்பரம் சுற்றுவட்டார உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிணறு வெட்டுவதற்கு முன்னால், துளைக் கிணறு போடுவதற்கு முன்னால், நிலத்துக்கு அடியில் நீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா என்று நீங்கள் கேட்பதுண்டு. வழி உண்டு. அதற்கு மின்தடை ஆய்வு என்று பெயர். கருவியை ரெசிஸ்டிவிட்டி மீட்டர் என்பார்கள். இந்த ஆய்வு எப்படிச் செய்யப்படுகிறது, அதன் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், அதைக் கொண்டு நாம் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி நீரைக் காண்பதில்லை. மண்ணும் பாறையும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பதை மட்டுமே அது அளக்கிறது. அந்த அளவை வைத்து நீர் இருக்குமா, இருந்தால் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று முடிவு செய்வது ஆய்வு செய்பவரின் வேலை. ஆகவே கருவி காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை நிலத்துக்கு உரியவரும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும். நகையை அடகு வைத்துத் துளை போடுகிறவர் அவர்தாமே!

பாலைவனத்திலும் நம் ஊரிலும்

ராஜஸ்தானத்தின் தார்ப் பாலைவனத்தில் இந்த முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஆனாலும் அங்கே லாட்டி என்னும் மணற்பாறை அடுக்கில் நல்ல நீர் தேங்கியிருக்கிறது. பாலைவனத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும். உப்பு நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். நன்னீர் அவ்வளவு கடத்தாது. இந்த வேறுபாட்டை மேலிருந்தே அளந்து, நன்னீர் உள்ள இடத்தை ஒதுக்கிப் பார்க்க மின்தடை ஆய்வு உதவுகிறது.

நமக்கோ மழைக்குக் குறைவில்லை. தாம்பரம் பகுதியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. ஆனால் 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. புறநகரெங்கும் மக்கள் லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். இடையில் இருந்தவை நான்கு ஆண்டுகளே. அவ்வளவு மழை கண்ட ஊரில் கிணறுகள் ஏன் தாங்கவில்லை? விடை நம் காலடியில் இருக்கும் பாறையில் உள்ளது.

நம் பாறை எப்படிப்பட்டது?

பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் வரை நாம் காணும் கருநீலக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். 1893ஆம் ஆண்டு தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையே என்பதால் இப்பெயர் வந்தது. உலகெங்கும் புவியியல் நூல்களில் வழங்கும் இந்தப் பெயருக்கு மூலமான கல் நம் பல்லாவரத்துக் கல்லாகும்.

பெயர் பெரிது, ஆனால் நீர் தேடுவோருக்கு இது கடினமான பாறை. சிதையாத சார்னோக்கைட்டில் நீர் தங்க இடமே இல்லை. மேலே வெயிலிலும் மழையிலும் நெடுங்காலமாகச் சிதைந்த பகுதியிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். கிணறு வெட்டும்போது நீங்களே வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். மேல்மண், களி, கையால் உதிர்க்கக்கூடிய சிதைந்த பாறை, வெடிப்பு விட்ட பாறை, கடைசியில் கடப்பாறை எகிறும் கட்டிப் பாறை. இவற்றில் நமக்கு நீர் தருபவை நடுவில் உள்ள இரண்டு அடுக்குகள்.

அந்தச் சிதைந்த பாறையிலும் எவ்வளவு நீர் நிற்கும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். நூறு கன மீட்டர் சிதைந்த பாறையிலிருந்து நாம் இறைத்து எடுக்கக்கூடிய நீர் இரண்டு, மூன்று கன மீட்டர்தான். ஒரு ஏக்கர் நிலத்தின் கீழ் 10 மீட்டர் கனத்துக்கு நீர் ஊறிய சிதைந்த பாறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு இரண்டு வீதம் கணக்கிட்டால் சுமார் 800 கன மீட்டர், அதாவது 8 இலட்சம் லிட்டர். அதே ஏக்கரில் ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்றால், அது 48 இலட்சம் லிட்டர் ஆகிறது. நம் நிலத்தடியில் இருப்பது ஆறில் ஒரு பங்கு. மீதி, மழையிலிருந்தும் ஏரியிலிருந்தும் அண்டை நிலத்திலிருந்தும் வரவேண்டும்.

ஆகவே நம் பகுதியில் சிதைந்த பாறை எங்கே கனமாக இருக்கிறது என்பதே முதல் கேள்வி. மின்தடை ஆய்வு நன்றாக விடை சொல்வதும் இந்தக் கேள்விக்குத்தான்.

அளக்கும் முறை

1912ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கான்ராடு ஷ்லம்பர்ஜர் என்பவர் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திக் கீழே உள்ளதை அறியும் சோதனைகளைத் தொடங்கினார். 1915இல் அமெரிக்காவில் பிராங்க் வென்னர் என்பவர் நான்கு முளைகளைச் சம இடைவெளியில் நட்டு அளக்கும் முறையை வகுத்தார். இரண்டு முறைகளும் இன்றும் வழக்கில் உள்ளன. புரிந்துகொள்ள எளிதானது வென்னர் முறை.

நான்கு உலோக முளைகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் நடுவார்கள். வெளிப்புற முளைகள் இரண்டின் வழியாகப் பேட்டரியிலிருந்து மின்சாரம் நிலத்துக்குள் செலுத்தப்படும். உட்புற முளைகள் இரண்டுக்கும் இடையே தோன்றும் மின் அழுத்தத்தைக் கருவி அளக்கும். அழுத்தத்தை மின்சார அளவால் வகுத்தால் தடை கிடைக்கும். அதை முளைகளின் இடைவெளியாலும் 6.28 என்ற எண்ணாலும் பெருக்கினால் நிலத்தின் மின்தடை எண் வரும். இதன் அலகு ஓம்-மீட்டர். எடுத்துக்காட்டாக, இடைவெளி 10 மீட்டர், தடை 0.5 ஓம் என்றால் மின்தடை எண் 31.

முளைகளை நெருக்கமாக நட்டால் மின்சாரம் மேல்மண்ணிலேயே ஓடிவிடும். தள்ளித் தள்ளி நட்டால் ஆழமாகப் பாயும். ஆகவே 2, 5, 10, 20, 40 மீட்டர் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால், அதே இடத்தில் மேலிருந்து கீழாக அடுக்குகளைத் தடவிப் பார்த்ததுபோல் ஆகும். ஆனால் 40 மீட்டர் இடைவெளியில் வந்த எண் சரியாக 40 மீட்டர் ஆழத்துப் பாறையின் எண் என்று கொள்ளக்கூடாது. மேலுள்ள அடுக்குகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தறிய வரைபடமும் கணக்கும் வேண்டும். அதனால்தான் எண்களை அங்கேயே பார்த்துவிட்டு உடனே இடம் குறிப்பது முழுமையான ஆய்வு ஆகாது.

மூன்று வயல்கள்

எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கு மூன்று வயல்களைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் வயலில் 10 மீட்டர் இடைவெளிக்கு 31, 20 மீட்டருக்கு 48, 40 மீட்டருக்கு 93 ஓம்-மீட்டர் வருகிறது.

இரண்டாம் வயலில் அதே இடைவெளிகளுக்கு 30, 35, 55 வருகிறது.

மூன்றாம் வயலில் 6, 5, 8 வருகிறது.

முதல் இரண்டு வயல்களிலும் 10 மீட்டர் இடைவெளியில் எண் ஏறக்குறைய ஒன்றே. அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரி நிலம் என்று நினைத்திருப்போம். மேலே போகும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. முதல் வயலில் 20இலிருந்து 40 மீட்டருக்குப் போகும்போது, அதாவது இடைவெளி இரட்டிக்கும்போது, எண்ணும் ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. அடியில் மின்சாரம் புகாத கட்டிப் பாறை கிட்டத்திலேயே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். கணக்குப் போட்டால் சுமார் 16 மீட்டரில், அதாவது 50 அடியில் பாறை தட்டும். இரண்டாம் வயலில் எண் மெதுவாக ஏறுகிறது. அங்கே கட்டிப் பாறை சுமார் 30 மீட்டரில், அதாவது 100 அடியில் இருக்கும்.

கோடையில் நீர்மட்டம் 11 மீட்டருக்கு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வயலில் நீர் நிற்கும் கனம் 5 மீட்டர். இரண்டாம் வயலில் 19 மீட்டர். மேலே பார்க்க ஒன்றுபோல் இருந்த இரண்டு நிலங்களில் நீர் ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபடுகிறது. இதைத் துளை போடாமலே அறிய முடிவதுதான் இந்த ஆய்வின் பயன்.

மூன்றாம் வயலில் எண் மிகக் குறைவு. எண் குறைந்தால் நீர் மிகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் தவறு. களிமண் ஈரமாக இருந்தால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் கிணற்றுக்கு நீர் விடாது. உப்பு நீரும் நன்றாகக் கடத்தும். ஆனால் பயிருக்கு ஆகாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர்களில் இத்தகைய எண் வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். அருகில் உள்ள கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பி, உப்பு அளவு பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நம் பகுதிப் பாறை நிலத்துக்குப் பொதுவாக ஒரு வழிகாட்டி சொல்லலாம். 10க்குக் கீழ் என்றால் களி அல்லது உப்பு என்று ஐயுற வேண்டும். 20 முதல் 100 வரை சிதைந்த பாறையாக இருக்கலாம். 100 முதல் 300 வரை வெடிப்பு விட்ட பாறையாக இருக்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் கட்டிப் பாறை. இவை அடுக்குகளைக் கணக்கிட்டுப் பிரித்த பிறகு வரும் எண்கள். ஒன்றோடொன்று ஓரங்களில் கலக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கருவியால் முடியாதது

நூறு மீட்டர் ஆழத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு இருந்து, அதில் நீர் ஓடலாம். அதை மேலிருந்து இந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆழம் கூடக் கூடக் கருவியின் பார்வை மங்கும். ஆகவே 'இந்த இடத்தில் 400 அடியில் நீரோட்டம், இத்தனை அங்குலம் தண்ணீர்' என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். செங்குத்தான வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. வயலின் குறுக்கே இடம் மாற்றி மாற்றி, ஒரே இடைவெளியில் அளந்துகொண்டு போக வேண்டும். எண் ஓரிடத்தில் திடீரென்று தாழ்ந்தால் அங்கே வெடிப்பு இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு இடையூறு நம் புறநகருக்கே உரியது. நிலத்தில் புதைந்த இரும்புக் குழாய், மின்கம்பி, கம்பி வேலி ஆகியவை அளவைக் கெடுக்கும். வீட்டு மனைகள் சூழ்ந்துவிட்ட இடத்தில் நேர்கோடு கிடைப்பதே அரிது. வென்னர் முறையில் 40 மீட்டர் இடைவெளி வரை அளக்க 120 மீட்டர், அதாவது 400 அடி நீளம் வேண்டும். ஒரு ஏக்கர் உள்ளவர் அண்டை நிலத்தாரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் ஆய்வு செய்துகொண்டால் ஒருவர் நிலத்து முடிவு மற்றவருக்கும் உதவும்.

கடற்கரைப் பக்கம் நிலம் உள்ளவர்களுக்கு

திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோரத்தில் மணல் அடுக்கு உள்ளது. அங்கே பாறைச் சிக்கல் குறைவு. உப்புச் சிக்கல் அதிகம். மணலில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியானால் இறைத்து இறைத்து மேலே ஒரு மீட்டர் குறைத்தால், கீழே உப்பு நீர் 40 மீட்டர் வரை மேலேற இடம் கொடுக்கிறோம். நன்னீர் முடிந்து உப்பு நீர் தொடங்கும் எல்லையை மின்தடை ஆய்வு தெளிவாகக் காட்டும். அங்கே ஆழம் போகப்போக நன்மை இல்லை. மேலோட்டமான கிணற்றில் சிறிய பம்பு வைத்து, விட்டு விட்டு இறைப்பதே தக்கது.

ஆய்வுக்கு முன் செய்ய வேண்டியவை

கருவி வருவதற்கு முன் நீங்கள் செய்யும் வேலை பாதி ஆய்வுக்குச் சமம். உங்கள் நிலத்தைச் சுற்றி உள்ள நான்கைந்து கிணறுகளைப் பற்றிக் கீழ்க்கண்ட விவரங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

1. கிணற்றின் ஆழம், எத்தனை அடியில் பாறை தட்டியது.
2. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நீர்மட்டம். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம்.
3. எத்தனை மணி நேரம் இறைத்தால் வற்றுகிறது. மீண்டும் ஊற எவ்வளவு நேரம் ஆகிறது.
4. நீரின் சுவை, பயிரில் உப்பின் அடையாளம் உண்டா.
5. நீர் இல்லாமல் கைவிடப்பட்ட துளைகள் எங்கே, எவ்வளவு ஆழம்.

இந்த ஐந்தாவது விவரத்தை யாரும் சொல்ல விரும்புவதில்லை. ஆனால் ஆய்வு செய்பவருக்கு மிகவும் உதவுவது அதுவே.

கோடையில் காய்ந்த நிலத்தில் முளைகளுக்கும் மண்ணுக்கும் தொடர்பு சரியாக இருக்காது. முளை நடும் இடத்தில் கொஞ்சம் உப்பு நீர் ஊற்ற வேண்டும். இரண்டு குடம் தண்ணீர் தயாராக வைத்திருங்கள்.

ஆய்வு முடிந்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள். சிதைந்த பாறை எவ்வளவு கனம்? கட்டிப் பாறை எத்தனை அடியில் தொடங்கும்? நீர் நல்லதா, உப்பா? துளையை எத்தனை அடியில் நிறுத்த வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடையைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். துளை போடுபவருக்குக் கூலி அடிக் கணக்கில். பாறைத் தூள் பறக்கும்போது 'இன்னும் நூறு அடி போட்டுப் பார்க்கலாம்' என்ற பேச்சு எழும். அந்த நேரத்தில் மனம் தடுமாறும். கடன் பெருகுவது அந்த நூறு அடிகளில்தான். நிறுத்தும் ஆழத்தை முதல் நாளே முடிவு செய்துவிட்டால் கையில் உள்ளது தப்பும்.

'இங்கே துளை வேண்டாம்' என்று ஆய்வு சொன்னால் ஆய்வுக் கட்டணம் வீண் என்று நினைக்காதீர்கள். துளைச் செலவு முழுவதும் மிஞ்சியது என்று கொள்ளுங்கள். பழைய திறந்தவெளிக் கிணறு இருந்தால், சிதைந்த பாறை அடுக்கில் பக்கத்துளை போட்டு ஊற்றைப் பெருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை உழவர்களுக்கு இந்த ஆய்வைச் செய்து தருகிறது. நிலத்தின் சிட்டாவுடன் உங்கள் பகுதி அலுவலகத்தை அணுகிக் கட்டண விவரம் அறியலாம். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் 1987ஆம் ஆண்டு நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் உள்ளதால், உங்கள் கிராமத்தில் புதுக் கிணற்றுக்கு அனுமதி வேண்டுமா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர் கிடைத்த பின்

துளையில் விநாடிக்கு ஒரு லிட்டர் நீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் இறைத்தால் 21,600 லிட்டர். நூறு நாளில் 21 இலட்சம் லிட்டருக்குச் சற்று மேல். ஒரு ஏக்கர் நிலக்கடலைக்கு 500 மில்லிமீட்டர் நீர் என்றால் 20 இலட்சம் லிட்டர் போதும். கேழ்வரகுக்கு 350 மில்லிமீட்டர் என்றால் 14 இலட்சம். ஆனால் அரை ஏக்கர் நவரை நெல்லுக்கே 24 இலட்சம் வேண்டும். ஆகவே துளை வெற்றி என்றவுடன் நெல் நாற்று விடாதீர்கள். விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு குடத்தையும் கடிகாரத்தையும் வைத்து அளந்து, அதற்கேற்ற பயிரையும் பரப்பையும் முடிவு செய்யுங்கள்.

நீர் கிடைக்காத துளையைத் திறந்தபடி விடாதீர்கள். 2019ஆம் ஆண்டு திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனதை நாடே பார்த்தது. துளையை அன்றைக்கே மூடி போட்டு அடைப்பது நம் கடமை. ஆய்வாளர் தகுதி என்று சொன்னால், மழைநீரை வடிகட்டி அத்துளை வழியாகவே நிலத்துக்குள் செலுத்தலாம்.

கடைசியாக ஒன்று. ஒரு ஏக்கரின் கீழ் 8 இலட்சம் லிட்டர் என்று முன்பு கணக்கிட்டோம். எந்தக் கருவியாலும் அந்த 8 இலட்சத்தை 9 ஆக்க முடியாது. அதைக் கூட்டுவது மணிமங்கலம் ஏரியும் மாடம்பாக்கம் ஏரியும் உங்கள் ஊர்ச் சிற்றேரியும்தான். ஏரிக்கு வரும் கால்வாய் அடைபட்டால், பக்கத்துக் கிணறுகளில் கோடை நீர்மட்டம் இறங்கும். மின்தடை ஆய்வு நீர் தங்கும் இடத்தைக் காட்டும். அந்த இடத்தை ஆண்டுதோறும் நிரப்புவது நம் ஊரார் ஒன்றுகூடிச் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே துளை போட நினைக்கும் உழவர்கள் சுற்றுக் கிணறுகளின் கணக்கை எடுங்கள். மின்தடை ஆய்வு செய்துகொள்ளுங்கள். நிறுத்தும் ஆழத்தை முன்பே முடிவு செய்யுங்கள். கிடைத்த நீரை அளந்து பயிர் வையுங்கள். இந்த நான்கையும் செய்து பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.